பரப்பும் குழியும்: தரவுத்தளத்தில் சொந்த வகை

சுன்னாகத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: காணி உறுதிகளைப் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் பதிகிறேன். யாழ்ப்பாணக் காணி அளவுகளான பரப்பையும் குழியையும் தனித்தனி நிரல்களில் வைத்திருப்பதால் கூட்டும்போதும் வரிசைப்படுத்தும்போதும் பிழை வருகிறது. இதற்கெனப் புதிய தரவு வகையை உருவாக்கிக் கூட்டற்குறியை அதற்குப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். ஆனால் 18 குழி ஒரு பரப்பு என்ற கணக்கில், 2 பரப்பு 20 குழி என்று பதியப்பட்ட காணி உண்மையில் 3 பரப்பு 2 குழியாக இருந்தும் 3 பரப்பு 1 குழிக்கு முன்னால் போய் நிற்கும். 'கிரியேட் டைப்' மூலம் இரண்டையும் உறுப்புகளாகக் கொண்ட ஒரு கூட்டு வகையை உருவாக்கினாலும் இது தீராது. அவ்வகையைப் போஸ்ட்கிரஸ் உறுப்பு உறுப்பாக, இடமிருந்து வலமாகவே ஒப்பிடுகிறது. குழி 0 முதல் 17 வரையே இருக்கலாம் என்று கட்டுப்படுத்திவிட்டால் அந்த ஒப்பீடே சரியான வரிசையைத் தரும். கூட்டு வகைக்கு நேரடியாக நிபந்தனை இட முடியாது. 11ஆம் பதிப்பு முதல் அதன்மேல் 'கிரியேட் டொமைன்' மூலம் ஒரு டொமைனை, அதாவது நிபந்தனை சேர்த்த வகையை, உருவாக்கி அங்கே இடலாம்.

கூட்டலுக்கு, இரு அளவுகளையும் குழியாக்கிக் கூட்டி, 18ஆல் வகுத்து, ஈவைப் பரப்பாகவும் மீதியைக் குழியாகவும் தரும் ஃபங்ஷனை எழுதி, 'கிரியேட் ஆபரேட்டர்' கட்டளையால் கூட்டற்குறியுடன் இணையுங்கள். குறியைத் தேடும்போது டொமைன் அதன் அடிப்படை வகையாகவே கருதப்படுவதால், கூட்டு வகைக்கே அதனை வரையறுக்க வேண்டும். கூட்டற்குறி வந்ததால் ஒரு நிரல் முழுவதையும் கூட்டித் தரும் 'சம்' தானாக வந்துவிடாது, பலர் இடறுவது இங்கேதான். அதே ஃபங்ஷனையும் தொடக்கப் பெறுமதியாகப் பூச்சியப் பரப்பு, பூச்சியக் குழியையும் கொடுத்து 'கிரியேட் அக்ரிகேட்' தனியே செய்ய வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் சொந்தத் தரவு வகையையோ அதற்கான கூட்டற்குறியையோ உருவாக்க வழியே இல்லை.

என்னைக் கேட்டால், உங்கள் தேவைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மொத்தக் குழியை ஒரே நிரலில் வைத்து, காட்டும்போது மட்டும் பரப்பும் குழியுமாகப் பிரிக்கலாம். நெற்காணிக் கணக்கில் 12 குழியை ஒரு பரப்பாகக் கொள்ளும் வழக்கும் இருப்பதால், 18ஐ உள்ளே பூட்டிய வகை அங்கே பிழையான விடையைத் தரும். மற்றக் காணியில் 16 பரப்பும் நெற்காணியில் 24 பரப்பும் ஓர் ஏக்கர்; குழியில் பார்த்தால் இரண்டும் 288தான். எனவே கூட்டல் குழியிலேயே நடக்கட்டும். எந்தக் கணக்கில் உறுதி எழுதப்பட்டது என்பதை இன்னொரு நிரலில் குறித்து வையுங்கள். குழியின் பின்னங்களும் உறுதிகளில் வருமாயின் முழுவெண்ணை விட்டு, தசமங்களை ஏற்கும் 'நியூமெரிக்' வகையைத் தெரிவுசெய்யுங்கள்.