குக்கரில் அவித்த முட்டையில் பச்சை வளையம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் சென்ற முறை வந்தபோது, ஏறக்குறைய 6 லிட்டர் கொள்ளும் மின்சாரப் பிரஷர் குக்கர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கடையில் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, அதன் வழியாகத்தான் இணைத்திருக்கிறேன். முட்டைக்கென்று உள்ள பொத்தானை அழுத்திவிட்டு, பீப் ஒலி கேட்டபின் கையிலுள்ள வேலையை முடித்து வந்து திறப்பது வழக்கம். ஓடு நன்றாகவே உரிகிறது. ஆனால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழுகிறது. கரு மாவு போல் உதிர்கிறது. ஒலி கேட்டவுடன் ஆவியை வெளியேற்றினால் ஒன்றிரண்டு முட்டைகள் வெடித்துவிடுகின்றன. பச்சை வளையம் விழுந்த முட்டையைப் பேரனுக்குக் கொடுக்கலாமா? குக்கரின் ரப்பர் வளையத்தை மாற்றி, முட்டைத் தட்டு ஒன்றும் வாங்கிக்கொண்டால் சரியாகிவிடும் என்று டிரான்ஸ்ஃபார்மர் விற்ற கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: பேரனுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். வெள்ளைக் கருவில் உள்ள கந்தகம் நீண்ட நேரச் சூட்டில் வாயுவாகப் பிரிந்து, மஞ்சள் கருவில் உள்ள இரும்போடு சேரும்போது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரும்பு சல்பைடு என்ற பொருள் மெல்லிய படலமாகப் படிகிறது. நீங்கள் காணும் பச்சை அதுதான். அதனால் உடலுக்குத் தீங்கு எதுவும் இல்லை. முட்டை தேவைக்கு மேல் வெந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவே. ரப்பர் வளையமும் வேண்டாம், தட்டும் வேண்டாம். அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

தேவைக்கு மேல் எங்கே வெந்தது என்பதுதான் கேள்வி. பொத்தானை அழுத்தும்போது திரையில் தெரியும் 5 நிமிடத்தை மட்டும் முட்டை வேகும் நேரம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு, உள்ளே அழுத்தம் முழுமையாக ஏறிய பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன் தண்ணீர் சூடாகி ஆவி நிறையும் நேரம் முழுவதும் முட்டை சூட்டில்தான் இருக்கிறது. பீப் ஒலிக்குப் பிறகும் அழுத்தம் தானாக இறங்கி முடியும்வரை உள்ளே நூறு டிகிரிக்கு மேல் இருக்கும். அதோடு, இவ்வகைக் குக்கர்கள் பெரும்பாலும் சமையல் முடிந்ததும் யாரும் கேட்காமலே ‘கீப் வார்ம்’ நிலைக்குப் போய்விடுகின்றன. அந்த நிலையின் சூடு பொதுவாக 63 முதல் 78 டிகிரி வரை இருக்கும். மஞ்சள் கரு கெட்டியாகும் சூடு ஏறக்குறைய 65 முதல் 70 டிகிரி. சாம்பாருக்குச் சௌகரியமான இந்த ஏற்பாடு முட்டைக்கு ஆகாது. நீங்கள் கைவேலையை முடித்துவிட்டு வரும் நேரத்தில்தான் பச்சை விழுகிறது.

முட்டைப் பொத்தானையும் மறந்துவிடுங்கள். அதன் நேரம், ஒன்று 57 கிராமோ அதற்கு மேலோ உள்ள அமெரிக்கப் பெரிய முட்டையை, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்து வைக்கும் பழக்கத்தை நினைத்து அமைக்கப்பட்டது. நம் கடைகளில் 50 கிராமை ஒட்டிய முட்டைகளே மிகுதி. பல வீடுகளில் அவை வெளியிலேயே கூடையில் இருக்கின்றன. சிறிய முட்டை, ஏற்கெனவே அறைச் சூட்டில் இருக்கும் முட்டை, இரண்டும் சேரும்போது 5 நிமிடம் அதிகம்.

உட்பாத்திரத்தில் ஒரு கப், அதாவது 250 மில்லி தண்ணீர் ஊற்றி, குக்கரோடு வந்த கம்பித் தாங்கியை வைத்து, அதன்மேல் முட்டைகளை அடுக்குங்கள். முட்டை தண்ணீரில் மூழ்கத் தேவையில்லை, வேகவைப்பது ஆவிதான். நேரத்தை நாமே குறிக்கும் கைமுறைப் (‘மேனுவல்’) பொத்தானில் உயர் அழுத்தம், 4 நிமிடம் என்று வைத்து, கீப் வார்ம் வசதியை முன்னதாகவே அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லாத குக்கராக இருந்தால் பீப் ஒலித்தவுடன் ‘கேன்சல்’ பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடம் பொறுத்து, எஞ்சிய ஆவியை வெளியேற்றி, மூடியைத் திறந்து, முட்டைகளை உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுங்கள். திருச்சி வெயிலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. பனிக்கட்டி போடுங்கள், இல்லையென்றால் பானைத் தண்ணீரை இரண்டு முறை மாற்றி ஊற்றுங்கள். முதல் நாள் இரண்டு முட்டைகளை மட்டும் வைத்து, குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் ஈரம் இருந்தால் அடுத்த முறை பொறுக்கும் நேரத்தில் ஒரு நிமிடம் கூட்டுங்கள். அரைவேக்காட்டு முட்டைக்கான கணக்கு வேறு. சிறு குழந்தை சாப்பிடும் வீட்டில் அது வேண்டாம் என்பதால் இங்கே சொல்லவில்லை.

அந்த 5 நிமிடப் பொறுமை எதற்கு என்பதில்தான் முட்டை வெடிப்பதற்கான விடை இருக்கிறது. உயர் அழுத்தத்தில் குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 116 டிகிரி. ஓட்டுக்குள் இருக்கும் ஈரமும் நூறு டிகிரியைத் தாண்டியிருக்கும்; வெளியிலுள்ள அழுத்தம் அதைக் கொதிக்க விடாமல் அடக்கி வைத்திருக்கிறது. வால்வைத் திடீரென்று திறந்தால் அந்த அடக்கம் நொடியில் போய், ஓட்டுக்குள்ளேயே நீர் கொதித்து ஆவியாகி, மெல்லிய ஓட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. முட்டையின் மேலும் குக்கரின் மேலும் குற்றமில்லை.

ஓடு நன்றாக உரிவதற்கும் இந்த ஆவியே காரணம். மெதுவாகச் சூடேறினால் வெள்ளைக் கரு உட்புறச் சவ்வோடு ஒட்டிக்கொண்டே இறுகும். ஆவியின் சூடு ஓட்டின் மேல் சட்டென்று படுவதால், ஒட்டிக்கொள்வதற்குள் இறுகிவிடுகிறது. அன்று இட்ட முட்டைகூட இதில் ஓரளவு ஒழுங்காக உரியும்.

இனி டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிறேன். நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை அளித்தது அந்த வரிதான்.

அமெரிக்காவிலிருந்து வரும் குக்கர் 120 வோல்ட்டுக்கு உரியது. உங்களுடைய அளவில் உள்ளவை பெரும்பாலும் 1000 வாட் எடுப்பவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இடையில் எதுவுமில்லாமல் செருகினால் சூடேற்றும் கம்பி தனக்கு உரியதைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும்; நல்வாய்ப்பு இருந்தால் உள்ளிருக்கும் ஃபியூஸ் மட்டும் போகும், இல்லையென்றால் கட்டுப்பாட்டு அட்டையும் சேர்ந்து கருகும். ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் தேவை என்பதில் ஐயமில்லை. எந்த டிரான்ஸ்ஃபார்மர் என்பதில்தான் வியாபாரம் நடக்கிறது. பெட்டியின் மேல் ‘1000 வாட்’ என்று ஒட்டியிருப்பதை நம்பி 1000 வாட் குக்கருக்கு வாங்குகிறோம். உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் கனத்தையோ இரும்பின் எடையையோ யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒட்டிய எண்ணில் பாதியைத்தான் அது தொடர்ந்து தாங்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. எனவே உங்கள் குக்கருக்கு 2000 வாட் என்று குறிக்கப்பட்ட, கையில் தூக்கினால் கனமாக இருக்கிற பெட்டி வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற, எடையே இல்லாத ‘டிராவல் கன்வர்ட்டர்’ ஒன்றை 1500 வாட் தாங்கும் என்று சொல்லி விற்பார்கள். திரையும் பொத்தான்களும் உள்ள எந்தக் கருவிக்கும் அதைக் கொடுக்கக் கூடாது.

இதற்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நம் சந்தையில் கிடைக்கும் பெட்டிகள் பலவும் 230 வோல்ட்டை 110 வோல்ட்டாகத் தருபவை. 120 வோல்ட் குக்கருக்கு 110 கொடுத்தாலே 1000 வாட் 840 ஆகிவிடும். மாலை நேரத்தில் தெரு முழுவதும் ஏசி ஓடி, உங்கள் வீட்டுக்கு 200 வோல்ட் மட்டுமே வந்தால், அதே பெட்டி 96 வோல்ட்டுக்கும் கீழே தரும். குக்கருக்குக் கிடைப்பது 640 வாட் கூட இல்லை. அழுத்தம் ஏறத் தாமதமாகும். அந்தத் தாமதம் முழுவதும் முட்டை வெந்துகொண்டிருக்கும். குக்கரோ தன் 5 நிமிடக் கணக்கை இன்னும் தொடங்கியிருக்காது. காலையில் சரியாக வரும் முட்டை இரவில் பச்சை வளையத்தோடு வருகிறதென்றால் காரணத்தை இங்கே தேடுங்கள். ஒரு மின்பணியாளரை அழைத்து, குக்கர் சூடேறிக்கொண்டிருக்கும்போதே டிரான்ஸ்ஃபார்மரின் வெளிப்புறத்தில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். எதுவும் ஓடாதபோது அளந்தால் எல்லாப் பெட்டியும் யோக்கியமாகத்தான் தெரியும். அவர் வந்திருக்கும்போதே, குக்கரின் மூன்றாவது முனைக்கு எர்த் இணைப்பு உண்மையிலேயே சுவர் வரை போகிறதா என்பதையும் பார்த்துவிடட்டும். மூன்று துளை இருக்கும் பெட்டிகள் சிலவற்றில் மூன்றாவது துளை அலங்காரத்துக்கு மட்டுமே இருக்கிறது.

‘டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம், காயிலை மாற்றி 230 வோல்ட்டுக்கு ஆக்கித் தருகிறேன்’ என்று ஒருவர் வருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள். காயிலை மாற்றினாலும் கட்டுப்பாட்டு அட்டையும் ரிலேயும் 120 வோல்ட்டுக்கு அமைந்தவையாகவே இருக்கும். அழுத்தம் தாங்கும் பாத்திரத்துக்கு அடியில் ஊரறியாத கம்பியைச் சுற்றுவது விளையாட்டு அல்ல.

ரப்பர் வளையத்துக்கு வருவோம். மூடியில் உள்ள சிறிய ஊசி முழுவதும் மேலே ஏறி நிற்கிறது, மூடியின் விளிம்பில் ஆவி கசியவில்லை என்றால் வளையம் நன்றாக இருக்கிறது. அது கெட்டிருந்தால் அழுத்தமே ஏறாது. பச்சை விழுவதற்கும் வளையத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. உண்மையிலேயே விறைத்து வெடிப்பு விட்டிருந்தால், அந்தக் குக்கருக்கென்றே தயாரிப்பாளர் விற்கும் வளையத்தை மகனிடம் சொல்லி வரவழையுங்கள். அடுப்புக் குக்கரின் கேஸ்கட்டை வெட்டி அழுத்திப் பொருத்தித் தரும் கடைகள் இருக்கின்றன. அவர்களுக்கு இருநூறு ரூபாய் வியாபாரம், உங்களுக்கு முகத்தருகே ஆவி. முட்டைத் தட்டு ஆபத்தில்லாதது, ஆனால் பயனும் இல்லாதது. இரண்டு அடுக்காக ஒரு டஜன் முட்டை அடுக்குகிறவர்களுக்கு வசதி, அதற்கு மேல் ஒன்றும் செய்யாது.

இதையெல்லாம் யாரிடம் முறையிடுவது என்று கேட்டால் எனக்கே எரிச்சல்தான் வருகிறது. வீட்டுப் பிரஷர் குக்கர்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற ஆணை 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்படியிருந்தும் முத்திரையில்லாத குக்கர்கள் இணையத்தில் தாராளமாக விற்றன; மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் இரண்டு பெரிய இணைய அங்காடிகளுக்கு அபராதம் விதித்தது. தொகை எவ்வளவு என்கிறீர்கள்? தலா ஒரு லட்சம் ரூபாய். விற்றவற்றைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டார்கள். அது ஒன்றுதான் உருப்படியான பகுதி. பெட்டியில் வைத்து விமானத்தில் வந்த குக்கருக்கோ இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை; அமெரிக்க உத்தரவாதம் இங்கே பெரும்பாலும் செல்லாது. உள்ளூரில் வாங்கிய டிரான்ஸ்ஃபார்மரில் ஏமாற்று இருந்தால் மட்டும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். அதற்கு ரசீது வேண்டும். ரசீது கேட்டால் ஜிஎஸ்டி சேரும் என்று கடைக்காரர் பயமுறுத்துவார். சேரட்டும், கேட்டு வாங்குங்கள்.

மேலே சொன்ன 4 நிமிடம் சமவெளிக்கு உரியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீலகிரியிலிருந்து கண்டனம் வரும். குக்கர் இருந்தால் மலையும் சமவெளியும் ஒன்றுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். குக்கர் தரும் அழுத்தம், வெளியிலுள்ள காற்றழுத்தத்தோடு கூடுதலாகச் சேர்வது; வெளியே குறைந்தால் உள்ளேயும் குறையும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள் இங்கே 116 டிகிரி இருக்குமானால் அங்கே 112-ஐ ஒட்டித்தான் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நேரத்தை நூற்றுக்கு 5 பங்கு கூட்ட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஊட்டி 7,300 அடியைத் தாண்டுவதால் கால் பங்குக்குச் சற்று மேலே கூடி, 4 நிமிடம் 5 ஆகும். கொடைக்கானலுக்கும் குன்னூருக்கும் 5 என்றே வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கூடும். குக்கரில் அரை நிமிடம் வைக்க முடியாதென்பதால் 4 நிமிடத்திலேயே வைத்து, பொறுக்கும் நேரத்தை 6 நிமிடமாக்கினால் சரியாக இருக்கும். பெங்களூரில் இருப்பவர்கள் எதையும் மாற்ற வேண்டாம்.

அவித்த முட்டையை ஓட்டோடு குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை வைத்திருக்கலாம். விரிசல் விட்டவற்றையும் உரித்தவற்றையும் அன்றே தீர்த்துவிடுங்கள். வெளியே இரண்டு மணி நேரம் தாங்கும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான், திருச்சியில் அது ஆண்டின் பெரும்பகுதி. ஆகவே பேரனின் டிபன் பாக்ஸில் மதியத்துக்கென்று முட்டையை வைத்தனுப்ப வேண்டாம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே சாப்பிட வைத்துவிடுங்கள்.