92 லட்சத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார்: வீட்டில் இருக்கும் ஒரே காராக அது சரிவருமா?

கேள்வி: எனக்கு வயது 39. சென்னை மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 4.10 லட்சம் ரூபாய் கைக்கு வருகிறது; ஆண்டு போனஸ் 9 லட்சம். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 4. மூட்டு வலி உள்ள என் 68 வயது அம்மாவும் எங்களோடு இருக்கிறார். வீட்டுக் கடன் பாக்கி 46 லட்சம், தவணை 58,000. குடும்பச் செலவு 1.60 லட்சம், எஸ்.ஐ.பி. (ஃபண்டில் மாதாந்தர முதலீடு) 90,000. மியூச்சுவல் ஃபண்டில் 61 லட்சம், பி.எஃப்.பில் 38 லட்சம், வங்கியில் 4 லட்சம் இருக்கிறது. டெர்ம் இன்சூரன்ஸ் ஒரு கோடி.

சிறுவனாக அப்பாவோடு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்துக்குப் போன நாளிலிருந்து வேகமான காருக்கு ஆசைப்படுகிறேன். எட்டு வருடப் பழைய எஸ்.யு.வி.யை (5 லட்சம் கிடைக்கும் என்கிறார்கள்) விற்றுவிட்டு மூன்றில் ஒன்றை வாங்க நினைக்கிறேன். புதிய பி.எம்.டபிள்யூ எம்340ஐ, ஆன்-ரோடு 92 லட்சம். புதிய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ., 64 லட்சம்; கைமாறி வரும் போர்ஷே 718 கேமன், 68 லட்சம். மனம் எம்340ஐ மீதுதான் இருக்கிறது. ஃபண்டிலிருந்து 42 லட்சம் எடுத்து, 50 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடன் வாங்கலாமா? பார்க்கிங் இடம் ஒன்றுதான், அதுவும் அடித்தளத்தில்.

பதில்: உங்கள் ஆசையை நான் குறைத்து மதிப்பிடப் போவதில்லை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில், வெயிலில் நின்று, புழுதியும் எரிந்த எண்ணெயும் கலந்து வீசிய வாசனையில் பந்தயம் பார்த்தவன் நான். அந்தச் சத்தம் ஒருமுறை நெஞ்சில் ஏறிவிட்டால் இறங்காது. ஆகவே "கார் என்பது தேய்கிற பொருள், ஆசையை விடுங்கள்" என்று எழுத மாட்டேன். உங்கள் வருமானத்துக்கு இந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் கணக்கில் அந்த ஆசைக்கான பணத்தை உங்கள் மகள் கொடுக்கிறாள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள முடியாது.

கேமனை முதலில் எடுத்து வைத்துவிடலாம். இருக்கைக்கும் பின்அச்சுக்கும் நடுவே இன்ஜினை வைத்த, வளைவுகளில் மனம் நிறைக்கும் வண்டி அது. ஆனால் இருக்கை இரண்டுதான். பழைய எஸ்.யு.வி.யை வைத்துக்கொண்டு இரண்டாவது காராக வாங்குவதென்றால் நானே யோசித்துப் பார்க்கச் சொல்வேன். உங்களுக்கு இருப்பதோ ஒரு பார்க்கிங் இடம், ஐந்து பேர். இரவு பதினொரு மணிக்குப் பையனுக்குக் காய்ச்சல் என்றால், அவனை மடியில் வைத்துக்கொண்டு மனைவி உட்கார, அவன் அக்காவையும் மூட்டு வலி உள்ள பாட்டியையும் யாரிடம் விட்டுப் போவீர்கள்?

மிச்சம் இரண்டு. எம்340ஐ-யில் 2,998 சிசி, ஆறு சிலிண்டர் இன்ஜின், 374 குதிரைத்திறன், மணிக்கு நூறு கிலோமீட்டரை எட்ட 4.4 விநாடி. ஜி.டி.ஐ.யில் 265 குதிரைத்திறன், 5.9 விநாடி. இரண்டுக்கும் நான்கு கதவு, ஐந்து இருக்கை. ஒன்றரை விநாடி வித்தியாசத்துக்கு 28 லட்சம் கூடுதல். நீங்கள் அன்றாடம் போவது மெட்ரோ பணி நடக்கும் சாலைகளில். சென்னை நகருக்குள் காருக்கு வேக வரம்பு 60 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30. அந்த ஒன்றரை விநாடி உங்களுக்குக் கையில் கிடைப்பது விடியற்காலையில் ஊருக்கு வெளியே போகும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான். அது தப்பில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன விலை என்று தெரிந்து வாங்க வேண்டும்.

விலையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். எம்340ஐ போல 74 லட்சம் ஷோரூம் விலையுள்ள வண்டிக்கு அதுவே 14.8 லட்சம். இது போக ஷோரூம் விலைக்குள்ளேயே 40 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது. டி.சி.எஸ். என்று விற்பவர் முன்கூட்டிப் பிடிக்கும் 1 சதவீத வரியை மட்டும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்; பலர் அதை மறந்துவிடுகிறார்கள், நீங்கள் மறக்காதீர்கள். அடுத்து தேய்மானம். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணைப்படி ஐந்தாம் ஆண்டில் ஷோரூம் விலையில் பாதிதான் மிஞ்சும். அதையே விற்பனை விலையாக எடுத்துக்கொண்டால் 37 லட்சம். 92-க்கு வாங்கி 37-க்கு விற்றால் ஆண்டுக்கு 11 லட்சம் கரைகிறது. 50 லட்சம் கடனுக்கு மாதத் தவணை 80,445. முதல் ஐந்து ஆண்டுகளில் வட்டி மட்டும் 15.9 லட்சம், அதாவது ஆண்டுக்கு 3.2 லட்சம். இன்சூரன்ஸ் சராசரி 2 லட்சம், சர்வீஸும் டயரும் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கு 1.35 லட்சம்.

கூட்டினால் ஆண்டுக்கு 19 லட்சம். கிலோமீட்டருக்கு 159 ரூபாய். வீட்டிலிருந்து சிறுசேரி வரை போய்த் திரும்ப முப்பது கிலோமீட்டர் என்றால் ஒரு நாள் அலுவலகப் பயணம் 4,770 ரூபாய். நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து போவதற்கும் இதே விலைதான்.

மாத வரவிலும் இது பொருந்தவில்லை. தவணை, குடும்பச் செலவு, எஸ்.ஐ.பி. எல்லாம் போக உங்களிடம் மிஞ்சுவது 1.02 லட்சம். புதிய தவணையும் வண்டியின் இன்சூரன்ஸும் பராமரிப்பும் பெட்ரோலும் சேர்ந்து 1.20 லட்சத்தைத் தாண்டுகின்றன. பழைய வண்டியின் செலவைக் கழித்தாலும் கையைக் கடிக்கும். இப்படி இழுபறி வந்த குடும்பங்களைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். பள்ளிக் கட்டணத்தை நிறுத்த முடியாது, வங்கித் தவணையை நிறுத்த முடியாது. முதலில் நிற்பது எஸ்.ஐ.பி.தான்.

ஃபண்டிலிருந்து எடுக்க நினைக்கும் 42 லட்சத்தையும் பாருங்கள். பங்கு சார்ந்த ஃபண்டுகளாக இருந்து, அதில் 20 லட்சம் நீண்டகால லாபம் என்றால், 1.25 லட்சம் விலக்கு போக மிச்சத்துக்கு 12.5 சதவீத வரி, 2.34 லட்சம் அங்கேயே போகிறது, செஸ் தனி. மகள் கல்லூரிக்குப் போக எட்டு ஆண்டு இருக்கிறது. ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் அந்த 42 லட்சம் அப்போது 90 லட்சமாகியிருக்கும். இதைத்தான் மகள் பணம் கொடுக்கிறாள் என்றேன்.

அப்படியானால் ஜி.டி.ஐ.யா? புதிய வண்டிதான் வேண்டும் என்று நின்றால் இரண்டில் அதைத்தான் சொல்வேன். ஆனால் முழுதாக இறக்குமதியாகும் வண்டி. 2025-இல் முதல் தொகுதியாக வந்தவை 150 மட்டுமே. எண்ணிக்கை குறைந்த வண்டிக்கு உடலில் அடிபட்டால் உதிரிபாகத்துக்குக் காத்திருக்க நேரலாம், வீட்டில் வேறு கார் இல்லை. எம்340ஐ செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள ஆலையில் பொருத்தப்படுகிறது. சாலையில் அதிகம் ஓடுகிறது, கைமாறும் சந்தையும் இருக்கிறது. என் பரிந்துரை இந்தச் சந்தைதான். மூன்று ஆண்டு ஓடிய எம்340ஐ வாங்குங்கள். இன்று 55 லட்சத்தை ஒட்டிக் கேட்கிறார்கள். ஆயுட்கால வரியையும் முதல் மூன்று ஆண்டுத் தேய்மானத்தையும் முதல் உரிமையாளர் சுமந்துவிட்டார். இன்ஜின் அதே இன்ஜின்.

இன்றே அல்ல, இரண்டு ஆண்டு கழித்து. அதுவரை செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

வங்கியில் வெறும் 4 லட்சம் வைத்துக்கொண்டு இரண்டு தவணை கட்டுவது ஆபத்து. உங்கள் மாதச் செலவும் வீட்டுத் தவணையும் 2.18 லட்சம், ஆறு மாதத்துக்கு 13 லட்சம் வேண்டும். முதல் ஆண்டு போனஸை அப்படியே அங்கே போடுங்கள். டெர்ம் இன்சூரன்ஸை மூன்று கோடியாக உயர்த்துங்கள். ஒரு கோடியில் வீட்டுக் கடன் 46 லட்சம் போனால் இரு பிள்ளைகளுக்கு மிஞ்சுவது போதாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் முன்பைவிடச் சுமை குறைவு.

பிறகு ஒத்திகை. நீங்கள் கட்டத் தயாராக இருந்த அதே 80,445 ரூபாயை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி தொடர் வைப்பில் கட்டுங்கள், வங்கிக்குக் கட்டுவதுபோலத் தவறாமல். இரண்டு ஆண்டில் வட்டியோடு 20 லட்சத்தைத் தாண்டும். இரண்டாம் ஆண்டு போனஸ் 9 லட்சம், பழைய வண்டி விற்ற 5 லட்சம் சேர்ந்தால் 34 லட்சம். மிச்சத்துக்கும் பெயர் மாற்றச் செலவுக்கும் 22 லட்சம் கடன். பழைய காருக்கு வட்டி கூடுதலாக, 11 சதவீதம் என்றே வைத்து நான்கு ஆண்டுக்குக் கணக்கிட்டால் தவணை 57,000-க்குள். நீங்கள் பழகிவிட்ட தொகையைவிட 23,000 குறைவு. அது இன்சூரன்ஸுக்கும் டயருக்கும். ஃபண்டில் ஒரு யூனிட்டைக்கூடத் தொட வேண்டாம். ஐந்து ஆண்டு கழித்து 25 லட்சத்துக்குத்தான் போகும் என்றும், வாரண்டி முடிந்த வண்டிக்குப் பழுது, சர்வீஸ் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்றும் வைத்தாலும் கிலோமீட்டருக்கு நூறு ரூபாயை ஒட்டி வருகிறது. இதுவும் ஆடம்பரம்தான். ஆனால் உங்கள் சம்பாத்தியத்தில் உங்களுக்காகச் செய்துகொள்ளும் ஆடம்பரம். நடுவில் ஆறு மாதம் கட்ட முடியாமல் போனால், அந்த வருத்தம் சேமிப்புக் கணக்கோடு முடிந்துவிடும். வங்கியில் இருந்து யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள்.

வாங்கும்போது சில விஷயங்கள். வெளிமாநிலப் பதிவு வண்டி ஐந்தாறு லட்சம் குறைவாகத் தெரியும். தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபடி வரி கட்டினால் அந்த லாபம் நிற்காது. தமிழ்நாட்டுப் பதிவையே பாருங்கள். பராமரிப்புத் தொகுப்பும் வாரண்டியும் பெயர் மாறிய பிறகு தொடருமா என்று எழுத்தில் வாங்குங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை வெளியே இழுத்துப் பாருங்கள். ஒரு நண்பருக்காகப் பளபளவென்று இருந்த ஒரு வண்டியைப் பார்க்கப் போனபோது, பெல்ட்டின் கடைசிப் பகுதியில் கோடு கிழித்தாற்போலக் காய்ந்த சேறு இருந்தது. வெள்ளத்தில் நின்ற கார். இருக்கையைத் துவைத்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

வெள்ளம் என்றதும் உங்கள் பகுதி நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நீங்களே பார்த்திருப்பீர்கள். தாழ்ந்த வண்டி, அடித்தளப் பார்க்கிங். ஆகவே இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரேஜ் இல்லாமல் பாலிசி எடுக்காதீர்கள். நீர் புகுந்த இன்ஜினைக் கிளப்பிக் கெடுத்தால் சாதாரண பாலிசி கைவிரித்துவிடும். ஸீரோ டெப்ரிஸியேஷனும் அவசியம். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் வரும். பழைய காரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி) வண்டிக்குச் சொந்தமானதல்ல, உங்களுக்குச் சொந்தமானது. விற்கும்போது அதற்கான சான்றை வாங்கிக்கொண்டால் புதிய பாலிசியில் சொந்தச் சேதப் பிரீமியம் 50 சதவீதம் வரை குறையும். வாங்கும் வண்டியின் பாலிசியை உங்கள் பெயருக்கு 14 நாளுக்குள் மாற்றுங்கள்.

இருங்காட்டுக்கோட்டைக்கு இந்த வண்டியை எடுத்துப் போக ஆசை வரும். போங்கள். ஆனால் தனிநபர் கார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்கு. அங்கே அடிபட்டால் முழுச் செலவும் உங்களுடையது. அந்த நாளுக்கென்று தனியாகப் பணம் வைத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக, முன்பணம் கொடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை காரை ஓட்டிப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். முன் இருக்கையில் உட்கார வையுங்கள், பிறகு அவரே இறங்கட்டும். நீங்கள் கை கொடுக்காமல் பாருங்கள். என் தந்தை இப்படி ஒரு தாழ்ந்த காரிலிருந்து எழும்போது ஒரு கையால் கதவின் மேல்விளிம்பையும் மறு கையால் தன் தொடையையும் பிடித்து ஊன்றிக்கொண்டு, வலிக்கவில்லை என்று எங்களிடம் சொன்னார். அதன் பிறகு அந்தக் காரில் கோயிலுக்குக்கூட வரவில்லை, ஏதாவது காரணம் சொல்வார். அம்மா எளிதாக எழுந்துவிட்டால், ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு உங்கள் குடியிருப்பின் அடித்தளச் சரிவில் மெதுவாக இறங்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, சரிவு முடிந்து தரை தொடங்கும் இடத்தில் வண்டியின் வயிறு உரசுகிறதா என்று கேளுங்கள். உரசினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.