பிஸ்டல் மேஜை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சமீபத்தில் அவளுக்கு ஏர் பிஸ்டல் வாங்கினோம். வாரா வாரம் பேரலுக்குள் தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைக்கச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?
– சேலம் வாசகர்

வேண்டாம் சார். எண்ணெயைத் தையல் மெஷினுக்கே வைத்துக்கொள்ளுங்கள். ஏர் பிஸ்டலில் வெடிமருந்து எரிவதில்லை, அழுத்தக் காற்றுதான் பெல்லட்டைத் தள்ளுகிறது. அதனால் பேரலுக்குள் கரி பிடிக்காது. லேசாக ஈயம்தான் படியும். அதைத் துடைக்க 4.5 மி.மீ. பேரலுக்கென்றே ஃபெல்ட் உருண்டைகள் விற்கிறார்கள். பெல்லட் போடும் பக்கத்திலிருந்து விட்டு முன்பக்கமாக வெளியே எடுங்கள். முதல் உருண்டை சாம்பல் நிறத்தில் வரும். அடுத்தது கொஞ்சம் வெளுத்து வரும். சுத்தமாக வந்ததும் நிறுத்திவிடலாம். முன்பக்கத்திலிருந்து கம்பி விட்டுக் குடைய மட்டும் கூடாது. பெல்லட் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அந்த விளிம்பு. அதில் கீறல் விழுந்தால் குறி சிதறும்.

எண்ணெயை நான் இவ்வளவு கண்டிப்பாக மறுப்பதற்குக் காரணம் சிலிண்டர். அதில் 200 பார் வரை காற்றை அடைக்கிறோம். அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தீப்பிடிக்கக்கூடும். சிலிண்டர் மரையிலும் காற்று நிரப்பும் முனையிலும் கையேட்டில் சொன்ன கிரீஸைத் தவிர எதுவும் படக் கூடாது.

அப்புறம், பெல்லட்டைக் கவனிக்க மகளைப் பழக்குங்கள். ஈயம் மெத்தென்றது. டப்பா கீழே விழுந்தாலே பெல்லட்டின் பின்பக்க விளிம்பு நசுங்கிவிடும். பத்து மீட்டரில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். நசுங்கியதைப் போட்டுச் சுட்டுவிட்டுத் தன் கையைச் சந்தேகப்படும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.

கேள்வி: 25 மீட்டர் பயிற்சியில் சுட்ட .22 தோட்டாவின் வெற்று உறைகள் நிறைய சேர்ந்துவிட்டன. மறுபடி மருந்து நிரப்பி உபயோகிக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், கோவை

முடியாது தம்பி. .22 தோட்டாவில் தனியாக பிரைமர் கிடையாது. தட்டினால் பற்றிக்கொள்ளும் மருந்து உறையின் அடிவிளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கித்தான் தீப்பொறி வருகிறது. உறையை உற்றுப் பாருங்கள், விளிம்பில் ஒரு பள்ளம் தெரியும். நசுங்கிய விளிம்பு நசுங்கியதுதான். உறைகளை ரேஞ்சிலேயே ஒப்படைத்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: நான் அமெரிக்காவில் டெக்சஸில் வேலை பார்க்கிறேன். இங்கே யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கி சுடும் சங்கத்தின் போட்டிகளில் 9 மி.மீ. பிஸ்டல் சுடுகிறேன். கிளப்பில் பலரும் வீட்டிலேயே தோட்டா ரீலோடு செய்கிறார்கள். நானும் தொடங்கலாம் என்றிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும், ஐயா?

பலரும் காசு மிச்சமாகும் என்றுதான் இதில் இறங்குகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் தோட்டாவும் நூறாவது தோட்டாவும் ஒரே மாதிரி இருப்பதுதான் ரீலோடிங்கின் உண்மையான லாபம். அதற்கு வேண்டியது பொறுமை.

9 மி.மீ.யில் பிரைமர் உறையின் அடி நடுவே தனியாக உட்கார்ந்திருக்கும். பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். உறையைப் பழைய அளவுக்குச் சுருக்கி, பிரைமர் வைத்து, மருந்து அளந்து, குண்டைப் பொருத்தி, வாயை லேசாக இறுக்கினால் வேலை முடிந்தது. எத்தனை கிரெயின் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் எடை அளவு) மருந்து என்று நான் எழுத மாட்டேன். மருந்துக் கம்பெனி வெளியிடும் அட்டவணையைப் பாருங்கள். அதில் உள்ள ஆரம்ப அளவில் தொடங்குங்கள். நண்பர் சொன்னார், இன்டர்நெட்டில் பார்த்தேன் என்று எந்த அளவையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குப் பயம் தருபவை இரண்டு. ஒன்று, ஒரே உறையில் இரண்டு தடவை மருந்து விழுவது. துப்பாக்கியே வெடித்துவிடலாம். ஆகவே இரண்டு மடங்கு விழுந்தால் உறை வழிந்து கொட்டுகிற மாதிரி பருமனான மருந்தாகத் தேர்ந்தெடுங்கள். விளக்கை உறைகளுக்கு நேர் மேலே வைத்து, குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் பாருங்கள். இரண்டாவது, மருந்தே விழாமல் போவது. பிரைமர் மட்டும் பற்றிக்கொண்டு குண்டைப் பேரலுக்குள் பாதி வழியில் தள்ளிவிட்டு நின்றுவிடும். சத்தம் 'டப்' என்று மந்தமாகக் கேட்கும், உதைப்பும் இருக்காது. அந்த நொடியே கையை நிறுத்துங்கள். டைமர் ஓடினால் ஓடட்டும், ஸ்டேஜ் (போட்டியின் அந்தச் சுற்று) போனால் போகட்டும். அடுத்த தோட்டா அந்தக் குண்டின் மேல் போய் மோதினால் பேரல் பிளந்துவிடும். உங்கள் விரல்களுக்கு முன்னால் எந்த மெடலும் பெரிதில்லை.

மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். மீதி மருந்து அதே டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். டி.வி., போன், பேச்சு எதுவும் வேண்டாம். யாராவது கூப்பிட்டுப் பாதியில் எழுந்துபோனால், திரும்பி வந்ததும் பாதியில் நின்ற உறைகளைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

தோட்டா தயாரானதும் பிஸ்டலைக் காலி செய்து, பேரலைக் கழற்றிக் கையில் பிடித்து அதற்குள் போட்டுப் பாருங்கள். டக்கென்று முழுசாக உட்கார்ந்து, கவிழ்த்ததும் தானாக விழ வேண்டும். பாதியில் நிற்கிறது என்றால் போட்டியிலும் பாதியில்தான் நிற்கும்.

போட்டியில் பவர் ஃபேக்டரும், அதாவது தோட்டாவின் வலுவையும் பார்ப்பார்கள். குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பார்கள். 124 கிரெயின் குண்டு 1050 அடி வேகத்தில் போனால் 130.2. மைனர் என்ற வலுப் பிரிவுக்கு 125 வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் சுடலாம், ஸ்கோர் மட்டும் கிடையாது. 125.5இல் நின்றுகொண்டு சாமர்த்தியம் காட்ட வேண்டாம். கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

கேள்வி: டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டலுக்கு என்னதான் ஆனது?
– திருச்சி வாசகி

2021 ஜூலை 25 அன்று, தகுதிச் சுற்றின் நடுவே அவருடைய ஏர் பிஸ்டலின் காக்கிங் லீவர் உடைந்தது. பெல்லட் போட பேரலைத் திறந்து மூடும் கைப்பிடி அது. அதை மாற்ற கிரிப்பையும் மின்னணு டிரிகரின் சர்க்யூட்டையும் கழற்ற வேண்டியிருந்தது. திரும்பப் பூட்டியபோது டிரிகர் வேலை செய்யவில்லை. அதையும் சரி செய்து அவர் திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. 60 ஷாட்டுக்கு மொத்த நேரமே 75 நிமிடம். அவ்வளவு நெருக்கடியிலும் 575 எடுத்தார். இரண்டே மதிப்பெண்ணில் இறுதிச் சுற்று போனது. 2024இல் பாரிஸில் அதே பெண் இரண்டு வெண்கலம் வாங்கியதை ஊரே பார்த்தது. எனக்கு அந்த 575 தான் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

லீவர் உடைவதை முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் லீவரின் ஆணி ஆடுகிறதா, மூடும்போது சத்தம் மாறுகிறதா என்று போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே பார்த்துவிடலாம். போட்டிக்கு முந்தின ராத்திரி ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள்.

கேள்வி: பெசன்ட் நகரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. பிஸ்டலில் துரு வருகிறது.

பெட்டியின் ஸ்பாஞ்சுதான் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. பெட்டி பயணத்துக்கு மட்டும். வீட்டில் உலர்ந்த பீரோவில், சிலிக்கா ஜெல் பையோடு பூட்டி வையுங்கள். கை வியர்வையில் உப்பு இருக்கிறது. வீடு வந்ததும் முதல் வேலையாக, துப்பாக்கி எண்ணெய் லேசாகத் தோய்ந்த துணியால் இரும்புப் பகுதியைத் துடையுங்கள். மர கிரிப்பில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிடி வழுக்கும்.

கேள்வி: பழைய ஏர் பிஸ்டல் ஒன்று விலைக்கு வருகிறது. எதை முதலில் பார்க்க?
– நாகர்கோவில் வாசகர்

சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை. பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள். தேதி தாண்டியிருந்தால் அதில் காற்று நிரப்பவே கூடாது. புது சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். அடுத்தது டிரிகர்: அதில் மாட்டிய 500 கிராம் எடையை, டிரிகர் விடுபடாமல் தூக்க வேண்டும். தூக்காமல் விடுபட்டுவிட்டால், டிரிகரின் இறுக்கத்தைக் கூட்ட முடிகிறதா என்று விற்பவர் எதிரிலேயே திருகிப் பாருங்கள்.