ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன? கே.பி.சுந்தராம்பாள் ஏன் அவ்வளவு உச்சத்தில் பாடினார்?

ஒரே கம்பெனியைச் சேராத நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி, ஒரு ராத்திரிக்கு மட்டும் சேர்த்து நடத்துவது ஸ்பெஷல் நாடகம். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம், கோவலன் போன்ற கதைகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். வேறு வேறு தெருப் பையன்கள் மைதானத்தில் சந்தித்த உடனே கிரிக்கெட் ஆடுவது போலத்தான்.

1908-இல் கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள் இந்த மேடையில் வளர்ந்தவர். அன்று மைக் இல்லை. கடைசி வரிசைக்கும் பாட்டு கேட்க வேண்டும். நம் காது கீழ்ஸ்தாயியைவிட மேல்ஸ்தாயி ஒலியைச் சுலபமாகப் பிடிக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் தர்க்கப் பாட்டில் ஹார்மோனியத்தின் சுருதியை நடுவே மாற்றவும் முடியாது. அதனால் கச்சேரியில் 1 கட்டையை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) ஒட்டிப் பாடும் ஆண்கள்கூட மேடையில் 4 கட்டைக்கு மேல் ஏறினார்கள். சுந்தராம்பாளின் கணவரும் நாடக நடிகருமான எஸ்.ஜி.கிட்டப்பா அப்படிப் பாடியவர். அவருக்கு ஈடுகொடுத்தவர் சுந்தராம்பாள். வெறும் கத்தலாக இருந்தால் விடியும் முன்பே தொண்டை கட்டிவிடும். அவர் குரலில் உச்சத்திலும் சொல் சிதையாது. அதுதான் பெரிய வித்தை.

1933-இல் கிட்டப்பா மறைந்தார். 1935-இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்க சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார்.

‘ஔவையார்’ படம் பார்த்துவிட்டு அவரை முதிய வேட நடிகை என்று நினைப்பவர்கள் பலர். 1953-இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 44-தான், இளமை முழுக்க நாடகமேடையின் முன்னணிப் பாடகியாக இருந்தவர்.