டிபி என்றார்கள், இப்போது மெலியாய்டோசிஸ் என்கிறார்கள்!

கேள்வி: என் கணவருக்கு 49 வயது. நாகை மாவட்டத்தில் சொந்த நிலத்தில் நெல் சாகுபடி. பல வருஷமாகச் சர்க்கரை. கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்று, சளியில் கிருமி அகப்படாமலே டிபி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை, ஆள் பாதியாகிவிட்டார். அப்புறம் முழங்கால் வீங்கியது. ஸ்கேனில் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி. முழங்காலில் எடுத்த நீரைச் சோதித்த லேபில், ‘சூடோமோனாஸ் கிருமி, வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம்’ என்று எழுதிவிட்டார்கள். வேறு மருத்துவமனைக்குப் போன பிறகுதான் மெலியாய்டோசிஸ் என்கிறார்கள். ஊசி ஆரம்பித்து ஐந்து நாளாகியும் காய்ச்சல் அடிக்கிறது. இதுவும் தப்பான வைத்தியமா, டாக்டரம்மா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லையம்மா. ஐந்தாம் நாள் காய்ச்சலைப் பார்த்து ஆஸ்பத்திரி மாற்றிவிடாதீர்கள். இந்த நோயில் சரியான ஊசி போட்டாலும் காய்ச்சல் இறங்க 9 நாள் வரை ஆவது சகஜம். உள்ளே பெரிய சீழ்க்கட்டி இருந்தால் இன்னும் இழுக்கும். மூச்சு வாங்கினாலோ, பிரஷர் இறங்கினாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோதான் பதற வேண்டும்.

இது மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி. காலில் உள்ள சின்ன வெடிப்பு போதும், உள்ளே நுழைந்துவிடும். மழைக்காலத்தில் மூச்சு வழியாகவும் போகும். சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் பிடிக்கும். நுரையீரலில் உட்கார்ந்தால் டிபி மாதிரியே இருக்கும், மண்ணீரல், கல்லீரல், மூட்டு, ஆண்களுக்கு புராஸ்டேட் என்று எங்கு வேண்டுமானாலும் சீழ் கட்டும். தாய்லாந்தில் குழந்தைகளுக்குக் காதடியில் வீங்குகிறது, பார்த்தால் பொன்னுக்குவீங்கி என்றே தோன்றும்.

நான் நுண்ணுயிர் லேபிலேயே காலம் தள்ளியவள். எங்களுக்கு வரும் சீட்டில் ‘காய்ச்சல், கல்ச்சர்’ (கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது) என்று மட்டும்தான் இருக்கும். ‘சர்க்கரை உண்டு, வயல் வேலை, மழைக்குப் பிறகு காய்ச்சல், மண்ணீரலில் சீழ்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் லேபில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஏனென்றால் இந்தக் கிருமி முதல் இரண்டு நாள் தட்டில் சாதாரணமாகத்தான் இருக்கும். மூன்றாம், நான்காம் நாளில்தான் வாடிய செவ்வந்திப்பூ மாதிரி சுருங்கும். அதற்குள் பல லேப்களில் தட்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள்! இன்னொரு துப்பும் உண்டு. ஜென்டாமைசின், கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குகளுக்குக் கிருமி அடங்காமல், அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட்டுக்கு அடங்குகிறதா? வழக்கமான சூடோமோனாஸ் இதற்கு நேர் எதிர். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும்.

ரத்தக் கல்ச்சரில் வரவில்லை என்றால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. நோயாளிகளில் சுமார் 60 சதவீதம் பேருக்குத்தான் கல்ச்சரில் அகப்படும். ரத்தம், சிறுநீர், சளி, தொண்டை, சீழ் எல்லாவற்றையும் அனுப்பச் சொல்வோம். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

இது புது நோயும் இல்லை. ரங்கூன் பொது மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்து இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஆல்பிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும், 1912-இல் எழுதினார்கள். அவர்கள் பார்த்த பலர் போதைக்காக மார்ஃபின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள். குதிரைக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் என்று முதலில் நினைக்க வைத்தது. பாடப்புத்தகம் ‘விட்மோர் நோய்’ என்கிறது. கிருஷ்ணசாமி பெயர் எங்கே போனதோ!

கேள்வி: ஊசி எத்தனை நாள்? வீட்டுக்கு வந்தால் நிறுத்திவிடலாமா?

பதில்: சாதாரணமாக 10 முதல் 14 நாள். உங்கள் கணவருக்கு மண்ணீரலில் சீழ் இருப்பதால் 4 வாரமோ அதற்கு மேலோ சொல்வார்கள். செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் போடுவார்கள். மூட்டுச் சீழை வடிக்க வேண்டியிருக்கும். அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை, குறைந்தது 3 மாதம். அந்த மாத்திரையில்தான் சிக்கல். காய்ச்சல் விட்டது, எடை ஏறியது, ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று ஆண்கள் நிறுத்திவிடுவார்கள். நோய் திரும்புவதற்கு முதல் காரணம் அதுதான். டப்பா உங்கள் கையில் இருக்கட்டும். இடையிடையே கிட்னி, பொட்டாசியம் சோதனை வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். டிபி மாத்திரையைத் தொடர வேண்டுமா என்று இப்போது பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: தட்டு, டம்ளர் தனியாக வைக்கச் சொல்கிறார் என் மாமியார். வயலுக்குப் போகலாமா?

பதில்: தனித்தட்டு வேண்டாம். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக அபூர்வம். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வயலுக்குப் போவது சீழ் ஆறி, சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு. சேற்றில் இறங்கினால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். சேற்றில் பூட்ஸ் மாட்டிக்கொள்ளும், நடவுக்கு ஒத்துவராது என்பார், தெரியும். ஒரு போகம் நடவை ஆளை வைத்து முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.