தலைக்கு இவ்வளவு

அன்புள்ள ஐயா,

நாடு கடத்துவதற்கு முன் ஆங்கிலேயக் கைதிகளைப் பழைய கப்பல்களில் அடைத்துவைத்த வரலாற்றை வாசித்தேன். கசையடிப் பகுதியைத் தாண்ட முடியவில்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. கைக்குட்டை திருடியவனுக்கு இதுவா? மனிதன் அடிப்படையிலேயே கொடூரமானவன்தானா?

கே.

அன்புள்ள கே.,

தூக்கம் போனது நல்லதுதான். இதைப் படித்துவிட்டுக் குறட்டை விடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். ஆனால் ‘மனிதன் அடிப்படையிலேயே’ என்று ஆரம்பிக்கிறீர்களே, அதை விடுங்கள். அப்படிக் கேட்கிறவர்களுக்குப் பதில் வேண்டாம், பெருமூச்சு விட ஒரு சாக்கு வேண்டும். கசையடியும் இருக்கட்டும். அடித்தவனைத் திட்டிவிட்டு நாம் நல்லவர்களாக எழுந்து போய்விடலாம். நான் பல வருஷமாகச் சொல்லிவருவது, கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள் என்று.

அமெரிக்காவில் போர் மூண்டதும் கைதிகளை அங்கே அனுப்பும் வழி அடைபட்டது. 1776இல் ஒரு சட்டம் போட்டார்கள். தற்காலிக ஏற்பாடுதான் என்றார்கள். தேம்ஸ் நதியில், வுல்விச் பக்கம், ஜஸ்டிஷியா என்ற கப்பலில் அடைத்து, விலங்கோடு ஆற்றைத் தூர்வார விட்டார்கள். பொறுப்பு டங்கன் கேம்ப்பெலிடம். அதுவரை இதே கைதிகளை அமெரிக்காவுக்கு ஏற்றிப்போய் விற்ற வியாபாரி அவர். இத்தனை பேருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். 1778 மார்ச்சுக்குள் வந்து சேர்ந்த 632 பேரில் 176 பேர் செத்துப்போனார்கள். அந்தத் தற்காலிகம் 1857 வரை நீடித்தது.

அந்தக் கப்பல்களில் நைந்துபோனவர்களில் பலரைத்தான் அமெரிக்காவுக்குப் பதிலாக ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை அனுப்பிய கப்பல்களில், 1790இல் சிட்னி போய்ச் சேர்ந்த இரண்டாம் வரிசையில் ஏற்றினார்கள். ஒப்பந்தம் எடுத்தது அடிமை வியாபாரம் செய்த கம்பெனி. தலைக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ். கவனியுங்கள், ஏறிய தலைக்கு. இறங்கிய தலைக்கு அல்ல. அப்புறம் எவன் சோறு போடுவான்? அடிமைகளுக்குப் போட்ட அதே விலங்கு, சங்கிலிக்குப் பதில் முக்கால் அடி இரும்புக் கம்பி. காலை அகற்றக்கூட முடியாது. புறப்பட்ட ஆயிரம் சொச்சம் பேரில் கால்வாசிப் பேர் வழியிலேயே போனார்கள்.

பிற்பாடு, உயிரோடு இறக்கிவிட்டால்தான் பணத்தில் ஒரு பங்கு என்று மாற்றினார்கள். சாவு குறைந்தது. கேப்டன்களுக்குத் திடீரென்று மனசு இளகியதா என்ன?

அந்த 1790 பயணத்தில் இன்னொன்று நடந்தது. பக்கத்தில் கிடந்தவன் செத்தால் மற்றவர்கள் சொல்லவில்லை. பிணத்தோடு படுத்து, அவன் பங்கு ரொட்டியை வாங்கித் தின்றார்கள். இதைப் படித்தபோது எனக்கு அருவருப்பு வரவில்லை. என் விடுதி ஞாபகம்தான் வந்தது.

அங்கே மெஸ் கான்ட்ராக்டருக்கு வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தலைக்கு இவ்வளவு என்று பணம். மஞ்சள் காமாலை வந்து என் அறைத்தோழன் ஊருக்குப் போனான். ஒன்றரை மாதம் தினமும் அவன் பெயருக்கு நான் “உள்ளேன் ஐயா” என்றேன். கான்ட்ராக்டருக்குத் தெரியும். அவர் ஏன் கேட்கப்போகிறார்? சாம்பாரில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. அவனுடைய மூன்று இட்லி மட்டும் தவறாமல் என் தட்டுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தான். பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே ஒருநாள்கூட விடாமல் டிக் இருந்ததைப் பார்த்துவிட்டு, “நான் இங்கேயேதான் இருந்தேனாடா?” என்று சிரித்தான். அன்றும் அவனுக்கு இட்லி ஒத்துக்கொள்ளவில்லை. தட்டை என் பக்கம் தள்ளினான்.