பால் குடித்தால் வயிறு உப்புகிறது: குடலில் அழற்சியா?

கேள்வி: எனக்கு வயது 42. பால் குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போடுகிறது. சில நாள் வயிற்றுப்போக்கும் வருகிறது. பால் பொருட்கள் உடம்பு முழுக்க அழற்சியை உண்டாக்கும், குடலையும் கெடுக்கும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். பால், தயிர், வெண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். வயிறு தேவலை, ஆனால் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. என் பத்து வயது மகனுக்கும் பாலை நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: மகனுக்கு நிறுத்தாதீர்கள். பால் அவனுக்கு ஒத்துக்கொள்கிறது என்றால், வளரும் வயதில் கால்சியமும் புரதமும் சுலபமாகக் கிடைக்கும் வழியைக் காரணமில்லாமல் அடைக்கக் கூடாது.

உங்கள் அறிகுறிகள் லாக்டோஸ் செரியாமையோடு நன்றாகப் பொருந்துகின்றன. லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் லாக்டேஸ் என்ற என்சைம் அதை உடைத்தால்தான் ரத்தத்தில் சேரும். தாய்ப்பால் மறந்த பிறகு இந்த என்சைம் படிப்படியாகக் குறைவது இயல்பு. உலகில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இப்படித்தான். உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்கு இறங்கி, அங்கே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைக்கும்போது ஹைட்ரஜன் முதலான வாயுக்கள் உண்டாகின்றன. உப்புசம், சத்தம், பேதி எல்லாம் அதனால்தான். அவதி உண்மையானது, ஆனால் இதில் குடல் சுவர் புண்ணாவதில்லை. அழற்சி, அதாவது திசு சிவந்து வீங்கிப் புண்ணாவது, என்று இதற்குப் பெயர் வைத்து மக்களைப் பயமுறுத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பால் பொருட்களைச் சாப்பிடவைத்து, ரத்தத்தில் சிஆர்பி போன்ற அழற்சிக் குறியீடுகளை அளந்த ஆய்வுகள் நிறையவே உள்ளன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் மாற்றமில்லை, அல்லது சற்றுக் குறைகிறது. பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குத் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வரலாம். ஒரு வாய் பால்கூட ஆபத்தாகலாம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

தயிரை நிறுத்தியதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. தயிரில் உள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைப் புளிக்கும்போதே தின்றுவிடுகின்றன. உயிரோடு உள்ளே போய், மீதியை உடைக்கவும் உதவுகின்றன. அதனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. சூடாக்கினால் இந்தப் பாக்டீரியாக்கள் செத்துவிடும், சூடாக்காமல் சாப்பிடுங்கள். 2021-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தயிர் உட்பட நொதித்த உணவுகளைப் பத்து வாரம் நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் நுண்ணுயிரிகளின் வகைகள் பெருகின, ரத்தத்தில் 19 வகை அழற்சிப் புரதங்கள் குறைந்தன. சின்ன ஆய்வுதான், என்றாலும் நீங்கள் பார்த்த காணொளி சொல்வதற்கு நேர் எதிர்.

இப்போது இப்படிச் செய்து பாருங்கள். முதலில் நாலைந்து நாள் சாப்பாட்டோடு ஒரு சிறு கிண்ணம் தயிர். தொந்தரவில்லை என்றால் அரை டம்ளர் பால், வெறும் வயிற்றில் வேண்டாம். லாக்டோஸ் செரியாதவர்களிலும் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ், அதாவது ஏறக்குறைய 250 மில்லி பால் வரை தாங்குகிறார்கள். வெண்ணெயிலும் நாள்பட்ட கெட்டிச் சீஸிலும் லாக்டோஸ் மிகக் குறைவு. பாலே ஆகவில்லை என்றால் லாக்டோஸ் நீக்கிய பால் இருக்கிறது. கால்சியம் அதே அளவு கிடைக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தலாம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தயிர், பால் என்று வீட்டில் சோதித்துக்கொண்டிருக்காமல் குடல் மருத்துவரைப் பாருங்கள். உண்மையான குடல் அழற்சியைக் கண்டுபிடிக்க மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்ப்பார்கள்.

முழங்கால் வலிக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டும். காலையில் எழுந்ததும் மூட்டு அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாக இருக்கிறதா, வீக்கமோ சூடோ தெரிகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். அப்படி இருந்தால் தள்ளிப்போடாமல் மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.